ஒரு புல்-அப், 37 வாரம்

கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். கால் எதிலும் படாமல், மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடலைத் தூக்க வேண்டும். ஒரே ஒரு முறை. 43 வயதில் நான் வைத்துக்கொண்ட இலக்கு இவ்வளவுதான். பள்ளி விளையாட்டுத் திடலில் இருந்த கம்பியில் எனக்கு இது ஒருநாளும் வசப்படவில்லை. அந்தக் குறை முப்பது ஆண்டுகளாக மனத்தின் ஓரத்தில் கிடந்தது. இதற்கு முன் மூன்று முறை தொடங்கியிருக்கிறேன். மூன்று முறையும் இரண்டாவது வாரம் தாண்டவில்லை. நான்காவது முயற்சி 37 வாரம் நீடித்து முடிந்தது. எதை மாற்றினேன், எங்கே தவறினேன் என்பதை நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கம்பி. கதவு நிலையின் இரு பக்கமும் முறுக்கி இறுக்கும் வகையைத்தான் முதலில் வாங்கினேன். இரண்டாம் நாளே ஒரு பக்கம் நழுவியது. குதிகால் ஊன்றி விழுந்ததால் பெரிய அடி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என் கை அந்தக் கம்பியை நம்ப மறுத்தது. எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்று நினைக்கும் கை இறுக்கிப் பிடிப்பதிலேயே பாதி பலத்தைச் செலவழித்துவிடுகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, கான்கிரீட் பீமின் பக்கவாட்டில் பிராக்கெட் வைத்து நான்கு ஆங்கர் போல்ட்டுகளால் கம்பியைப் பொருத்தினேன். மூன்றாவது துளை போடும்போது டிரில்லரின் முனையில் உள்ளிருந்த இரும்புக் கம்பி தட்டியது. வெட்டிக்கொண்டு போகாமல் நிறுத்தினேன். போட்ட துளைகளைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, பிராக்கெட்டையே ஒரு சாண் தள்ளி வைத்தேன். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் போல்ட்டை அடித்தால் பிடிப்பு குறையும். இதில் மட்டும் அவசரம் கூடாது.

படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில்தான் அந்தப் பீம் இருக்கிறது. வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். முந்தைய மூன்று முயற்சிகளிலும் உடற்பயிற்சிக்கென்று தனியாக ஒரு மூலை ஒதுக்கியிருந்தேன்; அந்த மூலைக்குப் போவதே ஒரு தனி வேலையாக இருந்தது. இப்போது நாளுக்குப் பத்து முறை கம்பிக்குக் கீழே நடக்கிறேன்.

முதல் நாள் அளவு: 11 விநாடி. தூக்குவது இருக்கட்டும், சும்மா தொங்குவதே அவ்வளவுதான் முடிந்தது.

நாளுக்கு ஒரு சதவீதம் முன்னேறினால் ஓராண்டில் 37 மடங்கு ஆகலாம் என்ற கூட்டுவட்டிக் கணக்கை நானும் நம்பித்தான் தொடங்கினேன். 1.01-ஐ 365 முறை பெருக்கினால் 37.78 வருவது உண்மைதான். என் 11 விநாடியை அதனால் பெருக்கிப் பார்த்தேன்: ஏறத்தாழ ஏழு நிமிடம். உடம்பு அப்படி ஏறுவதில்லை. வங்கிக் கணக்கில் போட்ட பணம் இரவில் களைத்துப்போவதில்லை, தோள்பட்டை களைத்துப்போகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு காயம் தேவைப்பட்டது.

தொடக்கத்தில் என் பரிசுத் திட்டம் எளிமையானது. முதல் புல்-அப் எடுத்த அன்று ஒரு கைக்கடிகாரம். அதன் படத்தைக் கம்பிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். பத்து நாளில் அந்தப் படம் சுவரோடு சுவராகிவிட்டது. காலை ஆறு மணிக்குப் போர்வையை விலக்கச் செய்யும் வேலையை, எப்போதோ வரப்போகும் கடிகாரம் செய்யவில்லை.

அதனால் இரண்டாவது திட்டம்: நேற்றைவிட ஒரு விநாடி கூடினால் கண்ணாடிப் புட்டியில் ஒரு கோலி. பத்துக் கோலி சேர்ந்தால் எனக்குப் பிடித்த ஏதேனும் ஒன்று. பத்து வயது மகள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். இது பிரமாதமாக வேலை செய்தது. நான்காவது வாரம் 28 விநாடி, ஆறாவது வாரம் 41. முதல் சில வாரங்களில் பலம் இப்படிக் கிடுகிடுவென ஏறுவதற்குத் தசை வளர்ச்சி முக்கியக் காரணமல்ல. ஏற்கெனவே இருக்கும் தசை நார்களை மேலும் அதிகமாக, மேலும் ஒழுங்காக வேலைக்கு அழைக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. தசை பருப்பது அதற்குப் பின்னால் வருகிறது. நானோ அந்த வேகம் அப்படியே தொடரும் என்று எண்ணினேன்.

ஆறாவது வாரக் கடைசியில் ஒரு காலை. கையைக் கம்பியில் வைத்துவிட்டு "எண்ணு" என்றேன். மகள் எண்ணவில்லை.

"கால் இன்னும் ஸ்டூலில் இருக்கிறது, அப்பா."

"எடுத்துவிட்டேன் அம்மா, எண்ணு."

"பெருவிரல் தொட்டுக்கொண்டிருக்கிறது."

அவள் சொன்னது சரி. எனக்குக் கோபம் வந்தது. ஒரு கோலிக்காகக் குழந்தையிடம் பொய் சொல்லியிருக்கிறேன் என்பது கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது. அந்த வாரம் நோட்டில் இருக்கும் எண்களில் எத்தனை உண்மை என்று இன்றும் எனக்குத் தெரியாது. எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் எண்ணிக்கைதான் வளர்கிறது.

மூன்று நாள் கழித்து வலது முழங்கையின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கியது. கதவுக் கைப்பிடியைத் திருகினால் வலி, வாளியைத் தூக்கினால் வலி. இயன்முறை மருத்துவர் அந்த எலும்பு முனையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஒரு நாள்கூட ஓய்வு இல்லையே. தசை சீக்கிரம் பழகிவிடும். அதை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். தசை கொடுத்த தைரியத்தில் தசைநாணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்."

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகமும் குறைவு. அடியோடு நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொன்னார். கால் இரண்டையும் ஸ்டூலில் ஊன்றி, பாதி எடையை மட்டும் கையில் வாங்கி, வலி கூடாத அளவுக்கு நிலையாகப் பிடித்து நிற்க வேண்டும். வாரத்தில் மூன்றே நாள். மூன்று வாரம் இதுதான்.

அந்த மூன்று வாரத்தில் கூட்டுவதற்கு விநாடியும் இல்லை, புட்டியில் போடக் கோலியும் இல்லை. காலையில் எழுந்திருக்க மனமே வரவில்லை. அப்போதுதான் பரிசைப் பற்றி உட்கார்ந்து வாசித்தேன். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லாரும் தாமாகவே விரும்பிப் படம் வரைகிற குழந்தைகள். வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைக்கப்பட்ட குழந்தைகள், சில நாள் கழித்து விளையாட்டு நேரத்தில் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. பரிசே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. எனக்குத் தொங்குவதில் அப்போது ஆர்வமே இல்லாததால், கெடுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் பேரம் பேசிப் பெறும் பரிசு, செய்யும் வேலையை வெறும் விலையாக்கிவிடுகிறது என்பதை அந்தப் பெருவிரல் சம்பவத்தில் நான் நேரிலேயே பார்த்திருந்தேன்.

மூன்றாவது திட்டம் அங்கிருந்து பிறந்தது. கோலி இனி எண்ணுக்கு அல்ல, வந்ததற்கு. வாரத்தில் மூன்று நாள் கம்பிக்கு வந்து, அன்றைய பயிற்சியைச் செய்து, அளவை உள்ளது உள்ளபடி நோட்டில் எழுதினால் அந்த நாளுக்கு ஒரு கோலி. அளவு குறைந்திருந்தாலும் ஒரு கோலிதான், கூடியிருந்தாலும் ஒரு கோலிதான். மிக மோசமான நாளுக்கும் ஒரு தரையை வரைந்தேன்: கம்பியைப் பிடித்து, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் தொங்கினால் போதும், அன்றைய கணக்கு நேர். இந்தத் தரையை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்று வைத்திருந்தால் பயணக் களைப்பில் வந்த இரவுகளில் தாண்டியிருக்க மாட்டேன். ஒரு மூச்சு என்பதால் ஏழெட்டு முறை காப்பாற்றியது. அதில் பாதி நாட்களில் கையை வைத்த பிறகு முழுப் பயிற்சியும் நடந்துவிட்டது.

புட்டியில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கோலி. அதில் இரண்டை முதலிலேயே போட்டுவிடுவேன். இது ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரெஸ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் படித்தது. கார் கழுவும் நிலையம் ஒன்றில் 300 பேருக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம். மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் ஏற்கெனவே முத்திரை. இருவருக்குமே கழுவ வேண்டியது எட்டு முறைதான். எட்டுக் கட்டக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். இரண்டு முத்திரையோடு தொடங்கியவர்களில் 34 சதவீதம் பேர். வெறும் புட்டியைப் பார்ப்பதற்கும் அடியில் இரண்டு கோலி கிடக்கும் புட்டியைப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பன்னிரண்டு நிறைந்தால் ஒரு தகர டப்பாவிலிருந்து சீட்டு எடுக்கலாம். சீட்டுகளை நானே எழுதினேன். ஒரு மாலை முழுவதும் தொலைபேசியை அணைத்துவிட்டு வாசிப்பது. பழைய கேமராவைத் துடைத்தெடுத்து ஒரு சுருள் படம் எடுப்பது. பிற்பகலில் குற்ற உணர்வில்லாமல் தூங்குவது. பெரும்பாலும் நேரம்தான் பரிசு. எனக்கு உண்மையில் கிடைக்காமல் இருந்தது அதுதான். எனக்குத் தெரியாமல் மகளும் இரண்டு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். 19-ஆவது வாரம் எடுத்த சீட்டில் அவள் கையெழுத்தில் "நான் ஒரு மணி நேரம் அப்பாவுக்குக் கதை படிப்பேன்" என்று இருந்தது. அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இதைத் தவிர ஒரு சிறு கட்டுப்பாடும் வைத்தேன். ஒரு தொடர்கதையின் ஒலிநூலைப் பயிற்சி நாளில், பயிற்சி முடித்துத் தோளைத் தளர்த்தும் பதினைந்து நிமிடத்தில் மட்டும் கேட்பேன். அடுத்தது என்ன என்ற ஆவல் பல காலைகளில் எழுப்பிவிட்டது.

பத்தாவது வாரம் வலி போனது. 12-ஆவது வாரத்தில் தொங்கல் 50 விநாடி. அதன் பிறகு தொங்கலைக் கூட்டுவதில் பயனில்லை. பிடி போதும், இனி இழுப்பு வேண்டும். மெதுவாக இறங்கும் பயிற்சிக்கு மாறினேன். ஸ்டூலில் ஏறி மோவாயைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, முடிந்த அளவு மெதுவாக இறங்குவது. சுருங்கும்போது தாங்குவதைவிட, நீளும்போது தசையால் அதிக எடையைத் தாங்க முடியும். தூக்க முடியாத உடம்பை இறக்க முடிவதற்குக் காரணம் அதுதான். முதல் நாள் 2 விநாடி.

14-ஆவது வாரம் காய்ச்சல். ஒன்பது நாள் கம்பிப் பக்கம் போகவில்லை. முந்தைய முயற்சிகள் எல்லாம் இப்படியொரு இடைவெளியில்தான் முடிந்தன. "எல்லாம் போச்சு" என்ற எண்ணம்தான் அவற்றை முடித்தது. ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் லண்டனில் 96 பேரை வைத்துப் பழக்கம் படிவதை அளந்திருக்கிறார்கள். ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்க நடுக்கணக்காக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதும் அதில் உண்டு. ஒன்பது நாள் வேறு, ஒரு நாள் வேறு. ஆனாலும் அது எனக்குத் தெம்பு தந்தது. பத்தாம் நாள் ஒரு மூச்சு தொங்கினேன். ஒரு கோலி. நோட்டில் அந்த வரி எந்த விளக்கமும் இல்லாமல் இருக்கிறது.

இறங்கும் நேரம் 17-ஆவது வாரத்தில் 11 விநாடிக்கு வந்து நின்றது. 18, 19, 20 - அசையவில்லை. கீழிருந்து இழுத்துப் பார்த்தால் உடம்பு ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. புட்டியில் கோலி ஏறிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் இந்த நான்கு வாரத்தில் விட்டிருப்பேன். ஆனால் கோலி என்னை வரவழைக்கும், தூக்கிவிடாது.

இங்கேதான் எடைத் தராசு வந்தது. இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு அதிகம் உதவிய பொருள் அது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஏறி நின்றால் எடை காட்டும் தராசை ஸ்டூலின் மேல் வைத்து, அதன் மேல் முழங்கால் மடக்கி நின்று, கம்பியைப் பிடிக்க வேண்டும். சும்மா நின்றால் முள் 72 காட்டும். அப்போதைய என் எடை அது. உடம்பை அசைக்காமல் கம்பியைக் கீழ்நோக்கி இழுத்தால் முள் இறங்கும். 30 காட்டினால் கால் தாங்குவது 30, கை தாங்குவது 42. அவ்வளவுதான் தந்திரம். எண் ஒளிரும் டிஜிட்டல் தராசு இதற்குச் சரிப்படவில்லை. எடை ஒருமுறை நிலைத்ததும் அந்த எண்ணிலேயே நின்றுவிடுகிறது. பழைய முள் தராசுதான் வேண்டும். முள் நடுங்குவதுகூடத் தெரியும். ஐந்து விநாடி முழுதாக நின்ற எண்ணை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு கணம் உதறி இழுத்து வரும் எண் பொய்.

ஒரே உயரத்தில் அளந்தால் போதாது. தசை எந்தக் கோணத்தில் அசையாமல் பிடித்துப் பழகுகிறதோ அந்தக் கோணத்தை ஒட்டித்தான் பலம் அதிகம் கூடுகிறது. ஸ்டூலுக்கு அடியில் பலகை வைத்தும் எடுத்தும் மூன்று நிலைகளில் அளந்தேன். மோவாய் கம்பிக்கு மேலே இருக்கும் நிலையில் கை 72-ஐயும் தாங்கியது; முள் பூஜ்ஜியம். முழங்கை செங்கோணமாக மடங்கிய நடு நிலையில் 63. முழங்கை சற்றே மடங்கிய கீழ் நிலையில் வெறும் 52.

நான்கு வாரமாக என்னைக் கலங்கடித்த 11 விநாடியின் உள்ளே என்ன இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. மேல் பாதியை ஒன்பது, பத்து விநாடி இழுத்துப் பிடித்து இறங்கியிருக்கிறேன். கீழ்ப் பகுதியை ஒரே விநாடியில் விழுந்து கடந்திருக்கிறேன். மொத்த நேரத்தை மட்டும் எழுதியதால் அந்த ஓட்டை நோட்டில் தெரியவே இல்லை. ஒரு புல்-அப் தொடங்குவதே அந்தக் கீழ்ப் பகுதியில்தான்.

21-ஆவது வாரத்திலிருந்து பயிற்சியின் முக்கால் பங்கு கீழ் நிலைக்குப் போனது. முதலில் தோள்பட்டையைக் காதிலிருந்து கீழே இறக்கிப் பூட்டுவது, பிறகு இழுப்பது, ஐந்து விநாடி, இரண்டு நிமிட ஓய்வு. இப்படி ஐந்து முறை. நோட்டிலிருந்து சில வரிகள்:

வாரம் 22: கீழ் 53. முழங்கை நலம்.
வாரம் 24: கீழ் 56.
வாரம் 25: கீழ் 55. தூக்கம் சரியில்லை. கோலி உண்டு.
வாரம் 28: கீழ் 61, நடு 70.
வாரம் 31: கீழ் 66. நடுவில் முள் பூஜ்ஜியம்.

52-லிருந்து 72-க்கு வர 15 வாரம், 45 நாள் பயிற்சி. ஒரு நாளுக்குச் சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவு. தராசில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே இருப்பது ஒரு கிலோ. அதில் பாதி இடைவெளிக்கும் குறைவாக முள் நகர்ந்ததைக் குனிந்து பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சியைக் கோலியோ சீட்டோ தரவில்லை. 30-ஆவது வாரம் வாக்கில் கோலி போட மறந்துவிட்டு, மாலையில் நினைவு வந்து போட்ட நாட்கள் உண்டு. ஒலிநூலும் முடிந்துவிட்டிருந்தது, அடுத்ததை நான் தேடவில்லை.

36-ஆவது வாரத் தொடக்கத்தில் கீழ் நிலையிலும் முள் பூஜ்ஜியத்தில் நின்றது. உடனே ஸ்டூலை எடுத்துவிட ஆசைதான். எடுக்கவில்லை. முழங்கையை நினைத்து இன்னும் ஒரு வாரம் அதே எடையில் நின்றேன். ஆறாவது வாரத்தில் நான் அதற்குத் தராமல் விட்ட அவகாசம் அது.

37-ஆவது வாரம், புதன்கிழமை காலை. மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றாள். ஸ்டூலைச் சுவரோரம் தள்ளினேன். தொங்கினேன். தோள்பட்டையை இறக்கிப் பூட்டினேன். முதல் நான்கு அங்குலம் தராசில் பழகிய இடம்; கைக்கு வழி தெரிந்திருந்தது. நெற்றிக்கு நேரே வந்தபோது வேகம் குறைந்தது, நிற்கவில்லை. கம்பியின் மேல்புறத்துத் தூசியை முதன்முறையாக அவ்வளவு அருகில் பார்த்தேன். மோவாய் தாண்டியது. இறங்கும்போது கீழ்ப் பகுதியிலும் விழாமல் இறங்கினேன்.

"கால் எதிலும் படவில்லை, அப்பா" என்றாள்.

அன்றைக்கும் ஒரு கோலிதான். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு மூச்சு தொங்கிய நாளுக்கும் அதே ஒன்றுதானே. அவளையே போடச் சொன்னேன். சுவரில் இருந்த கடிகாரப் படத்தை அன்று மாலை எடுத்துவிட்டேன், வாங்கத் தோன்றவில்லை.

நோட்டில் அன்றைய வரி: "புல்-அப் 1. இரண்டாவது முயற்சி கண் மட்டம் வரை. வெள்ளிக்கிழமை நடு நிலையில், களைத்த பிறகு, தராசு வைத்து அளக்க வேண்டும்."